எமகண்டத்துக்கு முன்னால் இருபது நிமிடம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலையில், பௌர்ணமியோடு சேர்ந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமையில் நடந்தது இது. என் கணவரிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

அப்போது ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருந்தோம். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியிருந்தது. கையில் ஒரு டிகிரி இருந்தும் வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல். அரசு வேலைக்கான போட்டித் தேர்வு எழுதியே தீருவது என்று முடிவெடுத்து, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். சமையலறைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, எந்த மாதம் எந்தப் பாடம், எத்தனை மாதிரித் தேர்வு, எவ்வளவு மார்க் என்று கலர் கலராக எழுதினேன். வகுப்பில் யாராவது கரண்ட் இல்லை, படிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வேன். "நம்ம வாழ்க்கைக்கு நாமதாங்க பொறுப்பு. கரண்ட் மேல பழி போட்டா பாஸாயிடுவோமா?" என்று ஒரு பிரசங்கமே நடத்திவிடுவேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்!

என் பேச்சை உண்மையாகவே நம்பிக் கேட்டவள் ஒருத்திதான். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். வகுப்பு முடிந்ததும் தேரடி வீதியில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு ஓடுவாள். கணவன் விட்டுவிட்டுப் போய் ஐந்து வருடம். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். ஜவுளிக்கடையில் ஒன்பதரையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்க வேண்டும். முப்பது வயதிலேயே அவள் காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. உனக்கு என்ன இலக்கு என்று ஒரு நாள் அவளையும் சார்ட் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தினேன். சிரித்துக்கொண்டே, "எனக்கு இன்னாக்கா பெரிய இலக்கு? உக்காந்து பாக்கற மாதிரி ஒரு வேலை. அது போதும்" என்றாள்.

அவள் பத்தாவதுதான் படித்தவள். டிகிரி படித்த எனக்கு வயது வரம்பு கிடையாது. அவளுக்கு உண்டு. அந்தத் தேர்வை எழுத அவளுக்கு அதுதான் கடைசி வருடம். இது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குப் பாடம் நன்றாக வந்தது என்பதும் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்துவிட்டு வந்து, மாதிரித் தேர்வுகளில் பல முறை என்னை முந்தியிருக்கிறாள். உள்ளுக்குள் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும்.

விண்ணப்பம் போட ஒரு மாதம் நேரம் கொடுத்திருந்தார்கள். அவளிடம் இருந்தது பட்டன் போன். "ஆன்லைன் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ படி" என்று நானேதான் அவளுடைய சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் நாலு நாளைக்கு ஒரு தரம், "போட்டுட்டீங்களாக்கா?" என்று கேட்பாள். ஒரு நாள் அஷ்டமி என்பேன். இன்னொரு நாள் கரிநாள் என்பேன். கடைசித் தேதியும் பௌர்ணமியும் ஒரே நாளில் வருகிறது என்று காலண்டரில் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். காலையில் மலையைச் சுற்றிவிட்டு, நல்ல நேரம் பார்த்து இரண்டு பேருக்கும் போட்டுவிடலாம், அப்புறம் வேலை கிடைக்காமல் எங்கே போய்விடும் என்று சொன்னேன்.

"கடைசி நாள் வரைக்கும் வெச்சிக்க வேணாங்க்கா, பயமா இருக்குது" என்றாள்.

"சாமி மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டேன்.

முதல் நாள் மாலை போன் செய்தாள். விண்ணப்பத்தை அனுப்பும்போது அவளுடைய போனுக்கு ஒரு ஓடிபி எண் வரும், அதைச் சொன்னால்தான் விண்ணப்பம் போய்ச் சேரும். கடையிலோ வேலை நேரத்தில் எல்லோருடைய போனையும் வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மறுநாள் மூன்று மணி வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். "மூணு மணிக்குள்ள போட்டுடுங்கக்கா, அதுக்கு மேல குடுக்க மாட்டாங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். சரி சரி என்று வைத்தேன்.

பௌர்ணமியன்று விடியற்காலையில் கிளம்பி, எங்கள் இரண்டு பேர் விண்ணப்பத்துக்கான காகிதங்களையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றினேன். அஷ்ட லிங்கங்களிலும் அந்தப் பையை நீட்டிக் கும்பிட்டேன். முடிக்கும்போது மணி பத்து. பத்தரைக்கு ராகுகாலம். அது முடியட்டும் என்று பன்னிரண்டு வரை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனால், என்னை மாதிரியே கடைசி நாள் கோஷ்டி இருபது பேர் உட்கார்ந்திருக்கிறது. மாலை ஐந்தே முக்காலோடு விண்ணப்பம் முடிகிறது.

என் முறை வந்தபோது இரண்டு இருபத்தைந்து இருக்கும். சென்டர்காரர், "யாருதுங்க மொதல்ல?" என்று கேட்டார். யாருடையதை முதலில் போட்டிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். "என்னுது" என்றேன்.

என்னுடையது ஏறி முடிந்தபோது மணி இரண்டு நாற்பது. "அடுத்தது போட்டுடலாமா?" என்றார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது: மூன்று மணிக்கு எமகண்டம். கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்தான், ஆனால் கொஞ்சம் தாமதமானாலும் எமகண்டத்தில் போய் விழும். பாவம், வாழ்க்கையில் அடிபட்டவள், அவளுடையதை எமகண்டத்திலா போடுவது? நாலரைக்கு மேல் போடலாங்க என்று எழுந்துவிட்டேன். மூன்று மணிக்குப் பிறகு அவளிடம் போன் இருக்காது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அவசரம் என்று கடைக்குச் சொல்லி அனுப்பினால் எடுத்துக் கொடுக்க மாட்டார்களா என்று ஓர் அலட்சியம். வெளியே வந்து கணவருக்குப் போன் செய்து என் விண்ணப்பம் போன கதையைப் பெருமையாகச் சொன்னேன். எதிரே கரும்பு ஜூஸ் குடித்தேன்.

நாலரைக்கு உட்கார்ந்தோம். எல்லாம் ஏறியது. கடைசியில் ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்தது. அவள் போன் ஸ்விட்ச் ஆஃப். கடை நம்பருக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், பௌர்ணமிக் கூட்டத்தில் யார் எடுப்பார்கள்? சென்டர்காரரிடம் சீட்டை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். ஆட்டோ எதையும் ஊருக்குள் விடவில்லை. காலையில் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்த பாதம் முழுக்கக் கொப்புளம். எதிரே அலை அலையாகக் கிரிவலக் கூட்டம். இடித்துக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் தேரடி வீதிக்குப் போய்ச் சேரும்போது ஐந்தரை.

கடைக்குள் அவள் யாருக்கோ புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓடிபி இல்லாமலே எப்படியோ முடித்துவிட்டு அதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் புடவையை அப்படியே போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடினாள். லாக்கர் சாவி வந்து, போனை எடுத்து, அது உயிர் பெற்று எழுந்திருக்க ஐந்து நிமிடம். வந்திருந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது. புதிதாக அனுப்பச் சொல்லலாம் என்று சென்டர்காரருக்கு அவள் போனிலும் என் போனிலும் மாற்றி மாற்றி அடித்தோம். லட்சக்கணக்கான பேர் ஊருக்குள் இருக்கும் நாள், ஒரு அழைப்பும் போகவில்லை. லைன் கிடைத்தபோது, "குளோஸ் ஆயிடுச்சுங்க" என்றார் அவர்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "மதியமே போட்டிருக்கலாமேக்கா, இன்னா ஆச்சு?" என்றாள்.

அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என் வாய் சொன்னது வேறு. "சர்வர் டவுன்மா. காலையிலருந்தே வேலை செய்யல. நான் இன்னா பண்ணுவேன்?" என்றேன். அதோடு விடாமல், என்னுடையது எப்படியோ கடைசியில் தப்பித்து ஏறியது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. என் காலைப் பார்த்தாள். "அய்யோ, ரத்தம் வருதேக்கா" என்று எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் பாதத்தைக் கழுவிவிட்டாள். "நீங்க எனக்காக எவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கீங்க. நமக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான், விடுங்க" என்றாள். நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. நான் தேர்வில் வென்று, அடுத்த வருடம் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி வகுப்பில் எனக்குப் பாராட்டு வைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கேள்விப்பட்டு அவளும் வந்திருந்தாள். முல்லைப் பூ கட்டி எடுத்துவந்து, அவளே என் தலையில் வைத்துவிட்டாள். நான் மைக்கைப் பிடித்து, இலக்கு வேண்டும், திட்டம் வேண்டும் என்று ஆரம்பித்தேன். "எது நடந்தாலும் அதுக்கு நாமதான் பொறுப்பு" என்று சொல்லும்போது, கடைசி வரிசையில் அவள் தலையாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கண் நிரம்பிவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியது அவள்தான்.

இதற்கு மேல் தாங்காது என்று, அவள் கடைக்குப் போக டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது கூடவே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சர்வர் நன்றாகத்தான் இருந்தது என்பதையும், எமகண்டத்தையும், கரும்பு ஜூஸையும்கூட விடவில்லை. செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன்.

"அப்போ நேரம் இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இருபது நிமிஷம் இருந்துச்சும்மா."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப நிதானமாகப் பேசினாள். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா உங்ககிட்ட நல்லா சண்டை போட்டிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் மறுபடியும் படிச்சிருப்பேன். அதுக்கப்புறம் வேற ரெண்டு வேலைக்குக் கூப்புட்டாங்க, அதுக்கெல்லாம் எனக்கு வயசு இருந்துச்சு. நான்தான் போடல. மலையைச் சுத்திட்டு வந்து போட்டே நடக்கலியே, சாமியே வேணாம்னு சொல்லிட்டாருன்னு நெனச்சேன். புக்கு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டேங்க்கா."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. வேறு ஏதாவது தேர்வு எழுது, நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். வேண்டாம் என்று மட்டும் பதில் வந்தது.

போன மாதம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த ஜவுளிக்கடைக்கே போனேன். புடவைப் பிரிவில் அவள்தான் இருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கோபமாக இருப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதையெதையோ எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவள் எல்லோரையும் கூப்பிடுகிற அதே குரலில், "வாங்க மேடம், இன்னா பாக்கறீங்க?" என்றாள். பேச நினைத்ததெல்லாம் போய், எது என்றே பார்க்காமல் ஒரு புடவையைக் கை காட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் அதைப் பிரிக்கவில்லை.

இன்று என் அலுவலகத்தில் சின்னத் தவறு நடந்தால்கூட, யாரும் கேட்பதற்கு முன்னால் "அது நான் செஞ்சதுங்க" என்று சொல்லிவிடுகிறேன். நேர்மையானவள் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள், ஆனால் அந்த ஒரு வார்த்தையை யாரிடம் எந்த மாடிப்படியில் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.