எங்கள் வீட்டில் முடியாத மார்கழி

எங்கள் வீட்டில் பெருமாள் சாப்பிடுவதற்கு முன்னால் யாரும் சாப்பிடக் கூடாது. பெருமாள் ஒன்பது மணிக்குச் சாப்பிடுவார். அத்தையின் ரயில் ஏழு மணிக்கு. இது ஒத்துவராது என்பது ஏழு வயதில் எனக்கே புரிந்தது. பெரியவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அப்பாவுக்குத் திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம். விடியற்காலையில் போய்விடுவார். அங்கே பெருமாளுக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆன பிறகு வீட்டுக்கு வந்து, மறுபடி குளித்து, எங்கள் வீட்டுப் பெருமாளுக்குப் பூஜை செய்வார். எங்கள் பெருமாள் என்பது ஒரு கைப்பிடி சாளக்கிராமமும் தவழ்கிற கிருஷ்ணன் ஒருவரும்தான். அம்மா சமைத்து இறக்கி மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள். பெருமாள் கண்டருளிய பிறகுதான் அது சாப்பாடு. அதுவரை அதைத் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது, வாசனை பிடித்தாலும் திட்டு விழும். அமாவாசையன்று குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற கூட்டத்தில் அப்பா மாட்டிக்கொண்டால் பதினொரு மணி கூட ஆகும். அன்றைக்குப் பெருமாளும் நாங்களும் ஒன்றாகப் பட்டினி. காபி மட்டும் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. எந்த முன்னோர் அதற்கு விலக்கு வாங்கித் தந்தார் என்று தெரியாது. அவர் நன்றாக இருக்கட்டும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, வரன் மட்டும் தேறாமல் வீட்டில் இருந்தாள். எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர்ப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அத்தைக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர வேறு காரியத்துக்கு ரயிலேறிய முதல் பெண் எங்கள் வீட்டில் அவள்தான். அப்பா வேலைக்குத் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“பெருமாளுக்கு ஆகாத சோறு இந்தாத்து வாசலைத் தாண்டப்படாது. அவ்வளவுதான்.”

வெளியில் வாங்கிச் சாப்பிடுவது என்கிற பேச்சே கிடையாது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட அவருக்கு இருக்கவில்லை.

அன்றிலிருந்து அத்தையின் டப்பாவில் எதைப் போடுவது என்பது அம்மாவின் பாடாயிற்று. முதல் வாரம் முந்தின நாள் சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். அது நேற்றே கண்டருளிய சோறு, சட்டப்படி சரி. ஆனால் அம்பத்தூர் வெயிலுக்குச் சட்டம் தெரியவில்லை. மதியம் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேஜை குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாராம். அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மறுநாள் பழையது வேண்டாம் என்றாள்.

அடுப்பில் ஏறாதது தளிகை ஆகாது, பெருமாளுக்குக் காட்ட வேண்டியதில்லை என்று அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். டப்பாவுக்குள் அவல் வந்தது. திங்களன்று மோரும் பச்சை மிளகாயும் சேர்த்த அவல், செவ்வாயன்று எலுமிச்சம்பழம் பிழிந்த அவல், புதனன்று வெல்ல அவல். பிறகு ஊறவைத்த பயத்தம்பருப்பில் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டது. பிறகு தேங்காய் துருவிய பொரி. தொட்டுக்கொள்ள மாவடு. அது போன வருஷமே கண்டருளியாகிவிட்டதால் ஆட்சேபணை இல்லை. அவலாவதற்கு முன் அந்த நெல்லை யார் வீட்டு அடுப்பில் வறுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஆனாலும் அவலும் பொரியும் எத்தனை நாள் தாங்கும்? அத்தையின் ரவிக்கைகளை அம்மா இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். சாயங்காலம் ரயிலிலிருந்து வந்ததும் அத்தை பாத்திரத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நான் வேடிக்கை பார்ப்பேன். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவாள், பேச மாட்டாள். பேசினால் நேரம் வீண்.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒருநாள் அத்தையை ஒரு பெண் கைத்தாங்கலாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள், திருநின்றவூர்க்காரி. தன் ஊரில் இறங்காமல் அத்தைக்காக எங்கள் ஊர் வரை வந்திருக்கிறாள். ரயிலில் நின்றுகொண்டிருந்த அத்தை அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டாளாம்.

அம்மா பதறிக்கொண்டு அத்தையை உள்ளே அழைத்துப் போனாள். அப்பா வாசலுக்கு வந்து நின்றார். வந்தவள் அவரைப் பார்த்துக் கொஞ்சமும் தயங்கவில்லை.

“இன்னா சார் இது? ஊற வெச்ச அவலத் துன்னுகினு நாள் பூரா மிசினத் தட்டிகினு கீதே, ஒடம்பு தாங்குமா? எங்க ஊட்டு டப்பாவுல இருந்து குடுத்தா வாணாம், மடின்னு சொல்லுது. மயக்கம் வந்தா மட்டும் என் மடியிலதான் சாயுது. ஒரே பேஜாராப் போச்சு சார். ஊட்ல சோறு இல்லியா இன்னா?”

எங்கள் வீட்டில் சோறு இல்லையா என்று அதுவரை யாரும் அப்பாவைக் கேட்டதில்லை. கோயில் நெல் பத்தாயத்தில் இருந்தது. அம்மா அந்தப் பெண்ணுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள், தனி டம்ளரில். அவள் அதைக் கவனித்தாளோ இல்லையோ, குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்து, அடுத்த ரயிலுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை அப்பா கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

“உடம்பைக் கெடுத்துண்டு ஒரு வேலை வேண்டாம். நின்னுடு.”

“எனக்கு ஒண்ணுமில்லேண்ணா,” என்றாள் அத்தை. “நான் போறேன். இதை விட்டா எனக்கு இந்தாத்துல என்ன இருக்கு?”

அத்தை அப்பாவை எதிர்த்துப் பேசியது நான் கேட்டு அதுதான் முதல் தடவை. அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இரண்டு நாளில் மார்கழி. மார்கழியில் எங்கள் வீட்டு முறை தலைகீழ். விடிவதற்குள் கோயிலில் கூட்டம் நெரியும் என்பதால் அந்த ஒரு மாதம் மட்டும் வீட்டுப் பெருமாளுக்குத்தான் முதலில் பூஜை. அப்பா நான்கு மணிக்கு எழுந்து குளித்து, மார்கழிப் பாசுரம் சேவித்து, தளிகையைக் காட்டிவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவார்.

“சரி. மார்கழி முடியறவரைக்கும் போ,” என்றார். “தை பொறந்தா நின்னுடணும். அதுக்கப்புறம் பேச்சில்லை.”

அத்தை தலையாட்டினாள்.

அந்த மார்கழியைப்போல ஒரு மார்கழியை நான் சாப்பிட்டதில்லை. அம்மாவுக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ தெரியாது. அவல் மாதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்குகிறவள்போலச் சமைத்தாள். மிளகும் நெய்யும் வழிகிற வெண்பொங்கல். மதியம் வரை கெடாமலிருக்க எண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை. எள்ளுப்பொடி போட்ட சாதம். கடுகு அரைத்துக் கலந்த கடுகோரை. தயிர் சாதத்துக்குப் பாலை அதிகம் விட்டு, தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள். அம்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் அது தானே தோய்ந்துவிடும், புளிக்காது. சூட்டோடு மூடினால் வேர்த்துப்போகும் என்று சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி விசிறி ஆற்றுவாள். விசிறுவது என் வேலை. டப்பாவுக்கு மேலே வாழையிலையில் மடித்த ஒரு பொட்டலமும் இருக்கும். அது திருநின்றவூர்க்காரிக்கு. பெருமாள் பிரசாதத்தை யாருக்கும் கொடுக்கலாம், அதில் தடையில்லை. அத்தையின் கன்னத்தில் சதை வைத்தது.

போகி வந்தது. பொங்கல் வந்தது. மறுநாள் கனு. உடன்பிறந்தவர்களுக்காகப் பெண்கள் காக்கைக்குச் சோறு வைக்கிற நாள். அத்தை மொட்டைமாடியில் மஞ்சள் இலை போட்டு, மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் உருண்டை பிடித்து வரிசையாக வைத்தாள். அண்ணா நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டாள். இறங்கி வந்ததும் வேலைக்குக் கட்டுகிற இரண்டு புடவைகளையும் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பரணில் கவிழ்த்தாள். அன்று பகல் முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. என்னோடாவது பேசியிருக்கலாம்.

மறுநாள் இருட்டில் வாளிச் சத்தம் கேட்டு விழித்தேன். கிணற்றடியில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மணி நான்கு. அம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து போய்ப் பார்த்தாள்.

“அடுப்பு மூட்டலையா?” என்று கேட்டார் அப்பா. குளிரில் பல் தந்தியடித்தது. “நாழியாறதே.”

அம்மா உள்ளே ஓடினாள். எனக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. அப்பாவுக்கு மார்கழி முடிந்தது மறந்துபோய்விட்டது! பாவாடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

“அப்பா, மார்கழி முடிஞ்சுடுத்து. முந்தாநாள்தானே பொங்கல்?”

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து வந்த அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி, பல் தேய்க்கப் போகச் சொன்னாள். உள்ளே அத்தை பரணுக்கு எக்கிக்கொண்டிருந்தாள். டப்பா கை நழுவி உருண்டு கீழே விழுந்தது. அதன் ஓரத்தில் விழுந்த நசுங்கல் கடைசிவரை இருந்தது.

அன்று பூஜையில் பாசுரம் இல்லை. அதையும் மறந்துவிட்டார்போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் நான்கு மணி. அதற்கு மறுநாளும் நான்கு மணி. இப்படி ஒரு மறதியை வீட்டில் யாருமே திருத்தாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. அப்பாவின் அண்ணா, என் பெரியப்பா, அடுத்த தெருவில் இருந்தார். அவருக்கும் கோயில் கைங்கரியம்தான். ஆசாரத்தில் அவரைக் கண்டால் அப்பாவே நடுங்குவார். அவரிடம் போய், “பெரியப்பா, எங்காத்துல இன்னும் மார்கழி முடியலை,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பனியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெரியப்பா வந்துவிட்டார். அப்பா பூஜையில் இருந்தார். அத்தை வேலைக்குப் போகும் புடவையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் டப்பா திறந்திருந்தது. பெரியப்பாவைக் கண்டதும் அம்மா அதைத் தலைப்பால் மறைக்கப் பார்த்தாள். மறைவதாக இல்லை.

அப்பா தீர்த்தத்தோடு வெளியே வந்து, அண்ணாவைப் பார்த்ததும் நின்றார். பெரியப்பா கையை நீட்டித் தீர்த்தம் வாங்கிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

“ஏண்டா, பூஜை ஆரம்பிக்கறச்சே சங்கல்பத்துல என்ன மாசம் சொன்னே?”

“தை மாசம்தான் சொன்னேன்,” என்றார் அப்பா. நிமிரவில்லை.

பெரியப்பா டப்பாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். தங்கை அவருக்கும் தங்கைதான். பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மீற மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

“நம்மாத்துப் பெருமாளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கார்த்தால பசி தாங்காது,” என்றார் பெரியப்பா. பிறகு அம்மா பக்கம் திரும்பினார். “ரயிலுக்கு நாழியாறது பாரு. டப்பாவை மூடிக் குடு.”

துண்டை மறுபடி தலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இவருக்கும் மறந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். வயதானவர்கள். பிறகு அதைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. மாசி, பங்குனி என்று மாதங்கள் வந்து போயின. சித்திரை வெயிலிலும் எங்கள் வீட்டில் நான்கு மணிக்கு வாளிச் சத்தம் கேட்டது. அப்பா மத்தியானத்தில் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினார். அடுத்த மார்கழி வந்தபோது வீட்டில் எதுவும் மாறவில்லை. பாசுரம் மட்டும் திரும்பி வந்தது, பொங்கலோடு மறுபடி நின்றது.

அதற்கடுத்த வைகாசியில் அத்தைக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்கும் அம்பத்தூரில்தான் வேலை. அங்கேயே குடித்தனம். நசுங்கிய டப்பா அவளோடு போயிற்று. அவளை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் நான் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. வாளிச் சத்தம் கேட்ட நினைவே இல்லை. அப்பா இருட்டோடு கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, குளித்து, ஒன்பது மணிப் பூஜைக்கு உட்கார்ந்தார்.

அம்மா சமையலறையில் மூடிவைத்த பாத்திரங்களுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காதருகே போய்க் கேட்டேன்.

“அப்பாவுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துதாம்மா?”

அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“ஆமாண்டி கொழந்தே,” என்றாள். “இன்னிக்குத்தான் மார்கழி முடிஞ்சுது.”

நான் அன்றைக்கே சொன்னேனே, யாராவது கேட்டார்களா என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.