ஈரோட்டுக்குப் போன அழைப்பு

வசந்தாமணிக்கு ஐம்பத்தேழு வயது. கோபிச்செட்டிபாளையத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாத்திரைகளின் தரம் பார்த்து வருகிறார். எந்த அளவை எடுத்தாலும் அருகிலேயே மணியைக் குறித்துவிடுவது அவருடைய வேலைப் பழக்கம். வீட்டுப் பழக்கம் வேறு. உடம்புக்கு எது வந்தாலும் முதல் போன் ஈரோட்டில் டாக்டராக இருக்கும் தம்பி சேனாபதிக்குத்தான். இங்கே டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். தம்பி இரண்டே நிமிடத்தில் மருந்து சொல்லிவிடுவார்.

நவராத்திரிச் சனிக்கிழமை ஒன்றின் காலை எட்டுப் பத்துக்கு, காய் நறுக்கிக்கொண்டிருந்தவருக்குக் கீழ்த்தாடை கடுக்கத் தொடங்கியது. பிறகு முதுகில் மூட்டை ஏற்றியது போல ஒரு பாரம்; குமட்டல்.

"நேத்து அஞ்சு வீட்டுக் கொலுவுல அஞ்சு சுண்டல். வாயு புடிக்காம என்ன பண்ணும்?" என்றார் கணவர் நஞ்சுண்டன்.

வசந்தாமணி இஞ்சிச் சாறு குடித்தார், சோம்பு மென்றார். நெஞ்சு வலிக்கவில்லை என்பதால் இதயத்தைப் பற்றிய நினைப்பே எழவில்லை. மாரடைப்பு என்றால் யாரோ ஓர் ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றுதான் அவருடைய மனத்தில் பதிந்திருந்தது. தம்பியை அழைத்தார். கிளினிக்கில் கூட்டமோ என்னவோ, எடுக்கவில்லை. காத்திருந்தார். ஒன்பது இருபதுக்கு வீடியோவில் தம்பியே வந்தார்.

"என்னக்கா, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது? ஹீட்டர் போட்டிருக்கியா?"

"இல்லப்பா, ஜில்லுன்னுதான் இருக்குது. தாடை கடுக்குது, முதுகுல பாரம். வாயுதான். மாத்திரை பேரு மட்டும் சொல்லு."

"மாமாகிட்டப் போனைக் குடு. மாமா, இது ஹார்ட் அட்டாக்கா இருக்கலாமுங்க. பொம்பளைகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமக்கூட வரும். ஆம்புலன்ஸுக்கு நைன் ஒன் ஒன் கூப்புடுங்க, இப்பவே."

நஞ்சுண்டன் கார்ச் சாவியை எடுத்தார். "ஆஸ்பத்திரி பத்து நிமிஷந்தான் சேனாபதி, நானே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"வழியில இதயம் நின்னுட்டா ஸ்டியரிங்கைப் புடிப்பீங்களா, அக்காளைப் புடிப்பீங்களா? அவங்க வந்தா வீட்டுலயே ஈசிஜி எடுத்துருவாங்க. வைத்தியம் அங்கயே ஆரம்பிச்சுரும்."

நஞ்சுண்டன் தம் போனில் எண்களை அழுத்தினார். அதற்குள் வசந்தாமணி எழுந்துவிட்டார். "ஆளுங்க உள்ள வருவாங்க. ஹாலு கெடக்கற கெடையைப் பாருங்க. சித்த ஒதுங்க வெச்சிர்றேன்."

"உக்காருக்கா. அவங்க வீடு பாக்க வர்ல."

அவர் உட்கார்ந்தார். நஞ்சுண்டனின் போனில் மறுமுனையில் பேசிய அவசர உதவிப் பெண், ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஒன்றை மென்று விழுங்கச் சொன்னார். ஏழு நிமிடத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. வசந்தாமணியின் மார்பில் ஈசிஜிக் கம்பிகளை ஒட்டிய ஆம்புலன்ஸ் இளைஞர், வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"எட்டு பத்து," என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதே வசந்தாமணிக்கு உறைத்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தைந்து. ஆய்வகத்தில் ஓர் அளவு சற்றே பிசகினாலும் உடனே மேலதிகாரியை அழைப்பவர், தம் உடம்பு பிசகியபோது ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இஞ்சியோடு கழித்திருந்தார்.

வீட்டில் எடுத்த ஈசிஜி முன்னதாகவே மருத்துவமனைக்குப் போயிருந்ததால், அங்கே எல்லாம் தயாராக இருந்தது. இதய இரத்தக்குழாயின் அடைப்பை நீக்கி, அது திறந்தே இருக்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்தார்கள். மறுநாள் டாக்டர் வந்தார். இதயத் தசையில் ஒரு சிறு பகுதிதான் பாதிக்கப்பட்டிருக்கிறது, வேலைக்குத் திரும்பலாம் என்றார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசியாகப் பரிசோதித்த தேதியை மட்டும் வசந்தாமணி எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை.

இப்போது வாரம் மூன்று நாள் இதய மறுவாழ்வுப் பயிற்சி. மாத்திரை தவறுவதில்லை, இரவுச் சோறு பாதியாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் இரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. நஞ்சுண்டனும் தினமும் கை நீட்டியாக வேண்டும்.

பயிற்சியின் ஆறாவது வாரம், டிரெட்மில் நடைப்பட்டையில் பன்னிரண்டாவது நிமிடம். திரையில் ஓடிய இதயத்துடிப்புக் கோடுகளைச் செவிலியர் பார்த்தார். பிறகு பட்டையின் ஏற்றத்தை ஒரு படி கூட்டினார். வசந்தாமணி கைப்பிடியை விட்டுவிட்டு நடந்தார்.