செருப்புகளோடு ஓர் ஆராதனை

தேவசுந்தரி ஆறு வருஷம் சர்ச்சுக்கு வெளியே, செருப்புகளோடுதான் ஆராதனை செய்தாள். ஆட்டிசம் உள்ள மகன் நேசகுமார் ஜெபத்தின் நடுவே கத்துவான். வெளியே விட்டால் சபையார் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து அடுக்குவான். திருத்தணியிலேயே ஒழுக்கமான செருப்புகள் அவைதான்.

2003இல் புதிதாக வந்த போதகர், "உள்ள வாம்மா. கத்துனா கத்தட்டும், என் பிரசங்கத்துல தூங்கறவங்க முழிச்சிக்குவாங்க" என்றார்.

மகனோடு உள்ளே போனாள். பாயில் அவளருகே இருந்த மூன்று பெண்கள் மெல்ல வேறு பாய்க்கு நகர்ந்தார்கள். நேசகுமார் வெளியே ஓடி, அந்த மூவரின் செருப்புகளையே சரியாகப் பொறுக்கி வந்து, அம்மா பக்கத்தில் வரிசையாக வைத்தான்.

"ஐயா, சர்ச்சுக்குள்ள செருப்பு!" என்று பதறினார் மூப்பர் ஜெபரத்தினம்.

"ஆங், அதுங்களாவது பக்கத்துல உக்காந்துகினு இருக்குதே" என்றார் போதகர்.

மூவரும் திரும்பி வரவில்லை. தேவசுந்தரி கொஞ்சம் நகர்ந்து, செருப்புகளுக்கு இடம் விட்டாள்.