வலிக்காத கட்டி

அபிஷேகப்பாக்கத்து அஞ்சலாட்சிக்குத் தன் ஓரகத்தி கலைமதியைக் கண்டாலே வயிறு எரியும். மார்பில் வந்த புற்றுக்கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டுக் கலைமதி வீடு திரும்பிய பிறகு அந்த எரிச்சல் இன்னும் கூடியது. கொழுந்தன் சமைத்தான், மாமியார் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். காலமெல்லாம் நடவுக்குப் போய் ஒடிந்து வந்தாலும் தனக்கு ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லையே என்று அஞ்சலாட்சி பொருமினாள்.

ஒருநாள் கலைமதி, "அக்கா, நீயும் ஒரு தடவ டாக்டராண்ட காட்டிடு," என்றாள்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இது இல்ல. எனக்கு இன்னாத்துக்கு?"

"எங்க அம்மா வூட்லயும் யாருக்கும் இல்லக்கா. வலியும் இல்ல. குளிக்கறப்ப கைல தட்டுப்பட்டுது, உடனே போனேன். அதான் பொழச்சேன்."

அஞ்சலாட்சிக்கும் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. வலிக்கவில்லையே என்று பல மாதமாக யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். இப்போது சொன்னாள்.

மறுநாளே கலைமதி அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்தும் சோதித்தார்கள். முடிவு வந்ததும், சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை என்றார் டாக்டர். மார்பில் மாறுதல் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார்.

வீட்டில் மாமியார், "கலைமதி இருக்கப்போயி உன்ன இட்டுகினு போனா," என்றாள். பயம் தீர்ந்த அந்த நேரத்திலும் அஞ்சலாட்சிக்கு அது சுருக்கென்று தைத்தது.