கீழ்வயல் நத்தைகள்

எங்கள் வீட்டில் வாத்துகள்தான் முதலில் சாப்பிடும். அவை நத்தையும் நண்டும் தின்று முட்டையிட்டால்தான் எங்கள் அடுப்பு எரியும். பாகூர் ஏரித் தண்ணீர் எந்த வயலில் நிற்கிறதோ அங்கே அப்பா ஓட்டிக்கொண்டு போவார். நடவுக்கு முன் உழுத சேற்றில் வாத்து மேய்ந்தால் பூச்சி குறையும், எச்சம் எருவாகும் என்று நிலக்காரர்களே கூப்பிட்டு விடுவார்கள்.

எங்கள் பக்கத்தை ஆண்ட பிரான்சுக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பூச்சிமருந்து அப்போதுதான் எங்கள் பக்கம் வந்தது. ஒரு நிலக்காரர் நாற்றங்காலுக்கு மருந்தடித்து, அந்தத் தண்ணீரைக் கீழ்வயலுக்குத் திறந்துவிட்டிருந்தார். மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு, "கீழ்வயல்ல நத்தை கொட்டிக் கெடக்குது, வாத்த வுடுப்பா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசில் இடி விழ!

வெயில் ஏறினால் சேற்றுக்குள் போய்விடும் நத்தைகள் அன்று மேலேயே கிடந்தன. நண்டுகள் மல்லாந்து கிடந்தன. வேறு யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். வாத்துக்காரன் கண்ணுக்கு அது தீனி.

"இன்னாடி பாக்கற, இன்னிக்கி நம்ம வாத்துக்கு விருந்து!" என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

உச்சிப்பொழுதுக்குள் வாத்துகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி, விஷம் முறியட்டும் என்று வாயில் புளித்தண்ணீர் ஊற்றினார். பொழுது சாயும்போது மந்தை முழுக்க வரப்போரம் கிடந்தது. ஒன்று மிஞ்சவில்லை. அவர் குழி வெட்டிக்கொண்டே அழுதார்.

துடிக்கும்போதே கழுத்தை அறுத்துவிட்டால் அது செத்த வாத்து இல்லை, கறி வாத்து. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு கணக்கு. அம்மா அப்படி ஒன்றை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மிளகாய் அரைத்துப் போட்டு வேகவைத்தாள். முந்தின நாள் கூழுக்குப் பிறகு நானும் தம்பியும் எதுவும் சாப்பிடவில்லை. அந்த வாசனையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குழியை மூடிவிட்டு வந்த அப்பா சட்டியை ஒரே உதையில் வாசலுக்குத் தள்ளினார். "கொல்லப் பாக்கறியா புள்ளைங்கள?"

"பட்டினியில சாவட்டுமா? எல்லாத்தையும் சேத்துல வுட்டுட்டு வந்து, இருந்த சட்டியையும் ஒதைக்கிறியே, நீ மனுசனா?"

நான் அம்மா பக்கம்தான். அப்பனா இவன் என்று மனசுக்குள் திட்டினேன். மந்தைக்குக் காவலாக நாங்கள் வளர்த்த நாய் வாசலில் கறியை நக்கி நக்கித் தின்றது. தம்பியும் நானும் அதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

விடிந்தபோது நாய் வேலியோரம் விறைத்துக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள். ஓடி வந்து தம்பியைத் தூக்கி, அவன் தொண்டைக்குள் விரலை விட்டாள். அடுத்து என்னைப் பிடித்தாள். "நாங்க ஒண்ணும் துண்ணல, துண்ணவே இல்லம்மா" என்று கத்தினோம். அவள் காதில் விழவில்லை. "வாந்தியெடுடி, வாந்தியெடு" என்று அலறிக்கொண்டே இருந்தாள். காலி வயிற்றிலிருந்து வெறும் பித்தத்தண்ணீர் வந்தது. அப்பா வந்து அவள் கையைப் பிடிக்கிறவரை அவள் விடவில்லை.