மொரோகோரோவில் அக்காவின் சா பூ த்ரீ

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அழுது எழுதக் கூடாது என்பது அவரே எனக்கு இட்ட உத்தரவு. அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத தம்பி என்பதால் முயன்று பார்க்கிறேன்.

அக்கா பிறந்தது பீர்க்கன்கரணையில். அப்பா ரயில்வேயில் பணியாற்றியவர். பிறகு சிட்லபாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம். நானும் தங்கையும் எதற்கு அடித்துக்கொண்டாலும் அக்கா அதைச் சா பூ த்ரீயில்தான் தீர்ப்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு, ரேங்க் கார்டை அப்பாவிடம் முதலில் நீட்டுவது யார், எல்லாவற்றுக்கும் மூவரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்கலாம், கீழே பார்க்கலாம். யார் கை தனித்து நிற்கிறதோ அவர்தான். ரேங்க் கார்டு விஷயத்தில் பெரும்பாலும் மாட்டியது நான்.

ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் பல்லாவரம் பக்கம் வேலை பார்த்தார். அக்காவின் வகுப்பில் எப்போதும் இரைச்சல். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வந்து கதவைத் தட்டாத நாளில்லை. ஒருநாள் தான்சானியாவில் ஒரு சிறு பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்துவிட்டார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாவது நாள் ஊறுகாய் கட்டிக் கொடுத்தார்.

மொரோகோரோ என்ற அந்த ஊரிலிருந்து அக்கா முதல் முறை போன் செய்தபோது, பின்னால் பிள்ளைகள் "தாதா, தாதா" என்று கத்துவது கேட்டது. பதறிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, யாரு தாதா? ஏரியா சரியில்லையா?"

"டேய், இங்க தாதான்னா அக்கான்னு அர்த்தம். நான்தான் அந்த தாதா."

சிட்லபாக்கத்தில் பாதிப் பேர் அவரை மொரோகோரோ தாதா என்று அழைத்ததற்கு நானே பொறுப்பு.

அங்கே எழுத்தும் கணக்கும் அவருக்கு ஆட்டம்தான். பிள்ளைகள் கூழாங்கல்லைக் காசாக வைத்துக் கடை போடுவார்கள். பேரம் பேசும்போதே கூட்டல் கழித்தல் வந்துவிடும். அக்காவின் பிடிவாதம் வேறொன்றில். திங்கட்கிழமை தோறும் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகச் சா பூ த்ரீ போட்டு, ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வாரம் என்ன ஆட்டம், என்ன விதி, சண்டை வந்தால் யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் அந்தத் தலைவரின் முடிவு. அக்கா வாயைத் திறக்க மாட்டார். நம் அக்காவா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் நம்பவில்லை.

பெற்றோர் சும்மா விடவில்லை. பிள்ளை உடம்பெல்லாம் மண்ணோடு வருகிறது, படிப்போடு வரக் காணோம் என்று கூடி வந்து கேட்டார்கள். அந்த வாரத் தலைவர் நீமா என்ற ஆறு வயதுச் சிறுமி; அதுவரை வகுப்பில் அவள் குரலை யாரும் சரியாகக் கேட்டதில்லை. அக்கா அவளிடமே விட்டுவிட்டார். நீமா பெரியவர்களைத் தரையில் உட்காரவைத்துக் கடை நடத்தினாள். மீதிக் கல்லைத் தப்பாகக் கொடுத்த தன் அப்பாவையே மறுபடி எண்ணச் சொன்னாள். அதன்பின் புகார் வரவில்லை. பின்னாளில் அக்காவுக்கு மலேரியா வந்தபோது, தன் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அந்த அப்பாதான். நீமா வளர்ந்து அதே பள்ளியில் ஆசிரியை ஆனார்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா ஊர் திரும்பினார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசியைக்கூடச் சிரித்துக்கொண்டு தாங்கியவரை ஒரு கவலை மட்டும் அரித்தது.

"நான் இல்லேன்னா அங்க எல்லாத்தையும் நிறுத்திட்டு, பசங்கள பெஞ்சுல கட்டிப் போட்டுடுவாங்கடா."

ஒரு மாலை நீமா வீடியோ காலில் வந்தார். சற்றுத் தயங்கிவிட்டு, சா பூ த்ரீயை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சுரீரென்றது. காரணத்தையும் சொன்னார். வகுப்பில் பார்வையற்ற சிறுமி ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். யார் கை தனித்து நிற்கிறது என்று அவளுக்கு மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது நியாயமில்லை என்று பிள்ளைகளே கூடிப் பேசி விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது கை தட்டலாம், விரல் சொடுக்கலாம்; எந்தச் சத்தம் தனியாகக் கேட்கிறதோ அவர் தலைவர்.

போனை வைத்ததும் பொங்கிவிட்டேன். "இத்தனை வருஷம் நீ கொண்டுவந்தத இப்படித் தூக்கிப் போட்டுட்டாங்களே, உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேக்கவே இல்லடா" என்றார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் டயாலிசிஸ் நர்ஸிடமும், கீழ்வீட்டு மாமியிடமும், பால் போட வந்தவரிடமும் அதையே சொன்னார். அந்தக் கவலையைப் பிறகு அவர் வாயால் நான் கேட்கவில்லை. சில வாரங்களில் நிம்மதியாகக் கண்மூடினார்.

கடைசி நாட்களில் அக்காவைத் தாங்கிப் பிடித்த மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், விடியற்காலையிலேயே வாசலில் வந்து நின்ற ஆட்டோக்கார அண்ணனுக்கும், எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த அக்கம்பக்கத்தாருக்கும், கூடவே இருந்த தங்கைக்கும் என் வணக்கம். மொரோகோரோவின் பிள்ளைகளே, எங்கள் அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் நீங்களே முடிவெடுத்தீர்கள். அதற்காக எங்கள் குடும்பம் உங்களுக்கு என்றும் நன்றியோடிருக்கும்.