கேசட்டில் ஏறிய எஞ்சின் சத்தம்

பெட்ரோலும் கருகின ரப்பரும் கலந்த ஒரு வாசனை... மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் அது எந்நேரமும் நிற்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். இங்கே நான், மாமா, மாமி... அப்புறம் மாமாவின் பழைய கார்.

காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றணும். ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்க்கணும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கணும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மாமாவுக்கு டீயே.

அந்தக் காரை நம்பித்தான் வீடு ஓடியது. வி.கே.புரம் மில் குடும்பங்களின் கல்யாண சவாரி வரும். ஆனால் முக்கியம் திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரிதான். எங்கள் தெருவிலிருந்து சவுதிக்கும் துபாய்க்கும் போகிற ஆளை எல்லாம் மாமாதான் கொண்டுபோய் விடுவார்.

திடீரென்று ஒருநாள் அது மிஸ் அடிக்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக ஓடும். சூடேறினதும், கொக்கிரகுளம் ஆத்துப் பாலத்தில் வரும்போது விக்கும்... உலுக்கும்... இழுவை போய்விடும். புது பிளக் போட்டாச்சு. பாயிண்ட்டை ராவியாச்சு. கார்பரேட்டரைக் கழற்றி ஊதியாச்சு. ம்ஹூம்.

தச்சநல்லூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து கேட்டுப் பார்த்தார்.

"பாய், எஞ்சினை இறக்கித்தான் பாக்கணும்."

"இறக்குறதுக்கு இது என்ன அடுப்புல கெடக்க கறிச்சட்டியாவே? நீரு போயிட்டு வாரும்."

அவரை அனுப்பிவிட்டார். ஆனால் ஏர்போர்ட் சவாரி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வழியில் வண்டி நின்று ஒருவன் பிளேனை விட்டுவிட்டால் அவன் விசாவுக்கு யார் பதில் சொல்வது? வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

அப்போதெல்லாம் போன் பேசுவது அபூர்வம். கேசட்தான். டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பதிவு பண்ணி, அங்கே போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். என் வீட்டுக்காரர் பேசின கேசட்டும் அப்படியே யார் கையிலாவது வரும். மாமி காது கேட்க நான் என்னத்தைப் பேச? "சாப்பிட்டீங்களா, ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்பதோடு என் காதல் முடிந்துவிடும்!

மாமாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"ஏ புள்ள, அந்த டேப்பைத் தூக்கிட்டு வா. மவன்கிட்ட வண்டிச் சத்தத்தைக் காட்டுவோம்."

சிரிக்காதீங்க மக்களே... நானும் டேப்பை பானெட் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு சிலிண்டர், நாலு பிளக் ஒயர். ஷாக் அடிக்காமல் கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, எஞ்சின் ஓடும்போதே மாமா ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தடுமாறும். கழற்றியும் சத்தம் மாறாவிட்டால் கோளாறு அங்கேதான். "இது ஒண்ணாவது ஒயருங்க... மாட்டியாச்சுங்க... இது ரெண்டாவது..." என்று நான் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன். மூணாவதில் சத்தம் மாறவில்லை. அது எங்களுக்கே தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

பதில் கேசட் வர ஒரு மாதம் ஆயிற்று. சலாம் சொன்னார், நேரே வண்டிக்கு வந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்லை!

"எஞ்சினை இறக்க வேண்டாம் வாப்பா. மூணாவதுல டேப்பட் இறுகிக் கெடக்கு. சூடானா வால்வு முழுசா மூடமாட்டேங்கு. எடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வையிங்க, போதும்."

மாமா முகத்தைப் பார்க்கணுமே! அப்புறம் டேப்பில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"ஜமீலா... எஞ்சினுக்காகத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஒயர் மாத்துற எடத்துலலாம் வாப்பா இருமுதாவ. இருமி முடிச்சு மூச்சை இழுக்கும்போது சத்தம் சரியில்ல. வண்டிப் புகைன்னு சொல்லுவாவ, நம்பாத. வண்டி கெடந்துட்டுப் போவுது. மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அந்த இருமலை நாங்கள் தினமும்தான் கேட்டோம். வண்டிப் புகை என்றுதான் மாமாவும் சொல்லியிருந்தார். மாமி அழ ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்தவரை நான் விடவில்லை. மருமகள் மாமனாரிடம் குரல் உயர்த்துகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அன்றைக்கு உயர்த்தினேன்.

"நீங்க வரலன்னா அப்படியே டேப்புல சொல்லிருவேன் மாமா. அவுக வேலையைப் போட்டுட்டு ஓடி வரட்டும், பரவாயில்லையா?"

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால், நெஞ்சில் நீர் கோத்திருந்தது. டி.பி. மாசக்கணக்கில் மாத்திரை. வார்டில் படுத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரரிடம், "வண்டியைச் சரிபண்ணச் சொன்னா, பய என்னையச் சரிபண்ணிட்டான் வே" என்று பெருமை அடிப்பார்.

டேப்பட்டை அதே தச்சநல்லூர்க்காரர்தான் சரிசெய்தார். கார் முனகாமல் பாலம் ஏறியது. ஆனால் மாமா அதில் மறுபடி சவாரி போகவில்லை. டாக்டர் கூடாது என்றுவிட்டார். விற்றோம். வாங்கினவர் ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினபோது, அது தெருமுனை திரும்பும்வரை மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். பிறகு பல வருஷம் இருந்தார். மகன் ஊரோடு வந்ததையும் பேரன் பிறந்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அந்தப் பேரன், என் மகன், துபாயில். தினமும் வீடியோ கால். முகம் பார்க்கலாம், சிரிக்கலாம்... அல்ஹம்துலில்லாஹ், குறை சொல்லக்கூடாது. அப்போது எப்போதாவது ஒரு கேசட். டேப் நைந்துபோகும்வரை கேட்போம். பேச்சுக்கு நடுவே அவர் எங்கே மூச்சு விட்டார் என்பதுகூட மனப்பாடமாகிவிடும்.

நேற்று மகன் கூப்பிட்டபோது நான் அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்திருந்தேன். மூச்சு வாங்கியது. இப்போதெல்லாம் அப்படித்தான்... ரெண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் வரவில்லை.

"நெட்டு சரியில்ல உம்மா, விட்டு விட்டுக் கேக்கு. அப்புறம் கூப்பிடுதேன்" என்றான்.

"சரிப்பா... வேலையைப் பாரு" என்றேன்.